செங்குத்தான விலுசா: நான்கு சொல் பாட்டும் பொருள் பிடிபடாத ஓர் அடைமொழியும்

ஹோமருக்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்பே ட்ராயைப் பற்றி வேறொரு காவியம் இருந்தது, அதன் முதல் அடி ஒரு களிமண் பலகையில் கிடைத்திருக்கிறது என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதுபோல வலம் வருகிறது. படித்தவர் சிலிர்த்துப்போகிறார். பிறகு 'அப்படி எதுவும் இல்லை' என்ற மறுப்பையும் படித்துக் குழம்புகிறார். இரு தரப்பும் பேசுவது ஒரே வரியைப் பற்றித்தான். அந்த வரியில் நான்கே சொற்கள். அவற்றுள் ஒன்று 'விலுசா' என்ற பெயர்; பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை ட்ராய் என்றே கொள்கிறார்கள். இரண்டாவதாக நிற்கும் 'அலதி' என்ற சொல்லுக்கு என்ன பொருள் கொள்கிறோம் என்பதில்தான் காவியக் கதையின் பாதிப் பாரம் தொங்குகிறது.

இந்தச் சொல் லூவிய மொழியில் மிக மிக அரிது. அகராதிகள் 'உயர்ந்த, செங்குத்தான' என்று பொருள் தருகின்றன. அந்தப் பொருள் எப்படிக் கிடைத்தது, அது எவ்வளவு உறுதியானது, சொல் எந்த வேரிலிருந்து பிறந்திருக்கலாம் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

லூவியம் எந்த மொழி?

இன்றைய துருக்கியின் பெரும்பகுதியான அனத்தோலியாவில், கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டில் ஹிட்டைட் பேரரசு இருந்தது. அதன் தலைநகர் ஹத்துசா, இன்றைய போகஸ்காலே (முந்தைய பெயர் போகஸ்கோய்). அங்கே 1906இல் ஹுகோ விங்க்லரும் தியோடர் மக்ரிடியும் அகழாய்வு தொடங்கினார்கள். மண்ணிலிருந்து வெளிவந்த ஆப்பெழுத்துப் பலகைகளின் மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை 1915இல் பெட்ரிச் ஹ்ரோஸ்னி நிறுவினார். அதுதான் ஹிட்டைட்.

அந்தப் பலகைகளுக்குள்ளேயே வேறு சில மொழிகளும் இருந்தன. சடங்கு நூல்களில், 'இந்த இடத்தில் பூசாரி லூவிலி சொல்வார்' என்று எழுத்தர் குறித்துவிட்டு, அடுத்து வேறொரு மொழியில் சில வரிகள் எழுதியிருப்பார். 'லூவிலி' என்றால் 'லூவிய மொழியில்'. லூவியம் ஹிட்டைட்டின் உடன்பிறந்த மொழி. அனத்தோலியாவின் தெற்கிலும் மேற்கிலும் பரவலாக வழங்கியது. இதற்கு இரண்டு எழுத்து முறைகள் உண்டு. ஹத்துசாவின் பலகைகளில் ஆப்பெழுத்து. பாறைகளிலும் முத்திரைகளிலும் பட எழுத்து. ஹிட்டைட் பேரரசு கி.மு. 1200 வாக்கில் சரிந்த பிறகும் பட எழுத்து லூவியம் ஏறத்தாழ கி.மு. 700 வரை வாழ்ந்தது.

ஆப்பெழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் லூவியம் சிறிதளவுதான். அதுவும் முழு நூலாக அல்லாமல், ஹிட்டைட் நூல்களுக்கு இடையே சிதறிய மந்திரங்களாகவும் பாட்டு வரிகளாகவும் கிடைக்கிறது. ஒரு சொல் பத்து இடங்களில் வந்தால் பொருளை ஒப்பிட்டுப் பிடிக்கலாம். ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் வந்தால் ஆய்வாளர் கையில் மிஞ்சுவது இலக்கணமும் ஊகமும்தான். 'அலதி' அந்த இரண்டாம் வகை.

பலகையும் வரியும்

ஹத்துசாவின் பலகைகளில் இஸ்தனுவா என்ற ஊரின் வழிபாட்டை விவரிக்கும் தொகுதி ஒன்று இருக்கிறது. அரசரோ பூசாரியோ ஒவ்வொரு தெய்வத்துக்காகவும் பானம் அருந்த வேண்டும்; அருந்தும்போது அந்த ஊர்க்காரர்கள் பாட வேண்டும். ஹிட்டைட் எழுத்தர்கள் இதைச் சொல்லும் விதம் கவனிக்கத்தக்கது. தெய்வத்தின் பெயரால் குடிக்கிறார் என்று எழுதாமல், தெய்வத்தையே குடிக்கிறார் என்று எழுதுவார்கள். போகஸ்கோய் பலகைகளின் பதிப்பு வரிசையில் நான்காம் தொகுதி, 11ஆம் எண் பலகையின் பின்பக்கத்தில் இப்படி ஓரிடம் வருகிறது:

"அதன் பின் சுவசுனாவைக் குடிக்கிறார்."

இது ஹிட்டைட் மொழியில் உள்ள குறிப்பு. இதற்கு அடுத்து லூவியத்தில் ஒரு பாட்டு வரி. எழுத்தர் அசை அசையாகப் பதித்திருப்பது:

*அஹ்-ஹ-த-த அ-ல-தி அ-ஊ-இ-என்-த ஊ-இ-லு-ஷ-தி*

சேர்த்துப் படித்தால்: *அஹ்ஹதத அலதி அவியெந்த விலுசதி.* ஆப்பெழுத்தில் 'ஷ' வரிசைக் குறியால் எழுதினாலும் ஹிட்டைட்டும் லூவியமும் அதை 'ச' ஒலியாகவே உச்சரித்தன என்பது பொதுக் கருத்து. அதனால் 'விலுசா' என்கிறோம்.

ஹார்வர்டில் பணியாற்றிய மொழியியலாளர் கால்வெர்ட் வாட்கின்ஸ் 1984இல் அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரியில் நடந்த ட்ராய் கருத்தரங்கில் இந்த வரியை எடுத்துக்காட்டினார். கட்டுரைத் தொகுப்பு 1986இல் வந்தது. அவருடைய வாசிப்பு: 'செங்குத்தான விலுசாவிலிருந்து அவர்கள் வந்தபோது.' இது ஏதோ ஒரு நீண்ட பாட்டின் முதல் அடியாக இருக்கலாம், விலுசாவைப் பற்றிய காவியமொன்றின் தொடக்கமாகக்கூட இருக்கலாம் என்றார். 'இருக்கலாம்' என்ற அந்தச் சொல்தான் செய்தியாகும்போது முதலில் காணாமல் போகிறது.

சொல் சொல்லாகப் பிரித்தால்

1. அஹ்ஹதத. 'அஹ்ஹ' என்பது '-போது' என்ற காலப் பொருளைத் தரும் இணைப்புச் சொல். அதன் வாலில் இரண்டு சிற்றிடைச் சொற்கள் ஒட்டியிருக்கின்றன. ஒன்று 'அவர்கள்' என்பதைக் குறிக்கும் ஒட்டு. மற்றது வினையின் இடப்போக்கைக் காட்டும் ஒட்டு. அனத்தோலிய மொழிகள் அனைத்திலும் வாக்கியத்தின் முதல் சொல்லில் இப்படிச் சரம்போல ஒட்டுகள் தொங்குவது வழக்கம்.

2. அவியெந்த. 'வந்தார்கள்.' 'இங்கு நோக்கி' என்ற பொருளுள்ள முன்னொட்டும் 'போ' என்ற பொருளுள்ள வேரும் சேர்ந்து 'வா' என்றாகியிருக்கிறது. '-ந்த' என்ற இறுதி படர்க்கைப் பன்மை இறந்தகாலம். இதில் ஐயமில்லை.

3. விலுசதி. விலுசா என்ற பெயருடன் '-தி' என்ற வேற்றுமை உருபு. தமிழ் இலக்கணத்தில் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கல் பொருள் எதுவோ, அதையே இந்த உருபும் தருகிறது: 'விலுசாவிலிருந்து'.

4. அலதி. இங்கும் அதே '-தி'. ஆகவே 'அல-' என்ற ஏதோ ஒன்றிலிருந்து.

இந்த நான்காம் இடத்தில் தமிழர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படும். தமிழில் பெயரடை உருபு ஏற்காது. 'உயர்ந்த மலையிலிருந்து' என்போம். '-இலிருந்து' மலையோடு மட்டும் நிற்கும். லூவியம், லத்தீன், கிரேக்கம் போன்ற மொழிகளில் பெயர் எந்த வேற்றுமையில் இருக்கிறதோ அதே வேற்றுமையை அடையும் ஏற்க வேண்டும். அந்த மொழிகளின் கட்டமைப்பைத் தமிழில் அப்படியே வைத்தால் 'உயர்ந்ததிலிருந்து மலையிலிருந்து' என்றாகும். 'அலதி'யும் 'விலுசதி'யும் ஒரே உருபை ஏற்றிருப்பதால், முன்னது பின்னதற்கு அடையாக இருக்க இலக்கணம் இடம் தருகிறது.

இடம் தருகிறது, கட்டாயப்படுத்தவில்லை. இரண்டும் தனித்தனிப் பெயர்களாக, 'இன்ன இடத்திலிருந்து, விலுசாவிலிருந்து' என்று அடுக்கி நிற்கவும் கூடும். 'அல-' என்பதற்கு 'கடல்' என்று ஒருவர் பொருள் கொண்டு, 'கடலிலிருந்து, விலுசாவிலிருந்து வந்தபோது' என்று படித்தாலும் உருபு மறுக்காது. வெண்கலக் காலத்தில் ட்ராய் மேட்டின் வடக்கே கடல் இன்றைய கரையைவிட வெகு அருகில் ஒரு குடாவாக உள்நுழைந்திருந்தது என்பதை நிலவியல் துளையாய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வருபவர்களைக் 'கடலிலிருந்து வந்தவர்கள்' என்று பாடுவது இயல்பே.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. லூவியத்தில் பல பெயரடைகள் எழுவாயாகவும் செயப்படுபொருளாகவும் வரும்போது மட்டும் அடிச்சொல்லின் இறுதியில் 'இ' ஏற்கும். மற்ற வேற்றுமைகளில் அது மறைந்து 'அ' நிற்கும். 'அலதி' அந்த மற்ற வேற்றுமைகளில் ஒன்று. ஆகவே இந்த வடிவத்தை மட்டும் வைத்து அடிச்சொல் 'அல-' என்பதா 'அலி-' என்பதா என்றுகூடத் தீர்மானிக்க முடியாது. சொல்லின் பொருளுக்கு முன்பே சொல்லின் உருவத்திலேயே கேள்வி தொடங்கிவிடுகிறது.

'செங்குத்தான' என்ற பொருள் எங்கிருந்து வந்தது?

வாட்கின்ஸின் வாசிப்புக்குத் துணை நிற்பவை மூன்று.

முதலாவது, சொற்களின் வரிசை. 'அலதி' என்ற அடையும் 'விலுசதி' என்ற பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. நடுவே 'அவியெந்த' என்ற வினை நுழைந்திருக்கிறது. அன்றாட உரைநடையில் லூவிய வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். அடையையும் பெயரையும் பிரித்து, நடுவில் வினையைச் செருகுவது கிரேக்கம், லத்தீன், வேதமொழி ஆகியவற்றின் செய்யுளில் நன்கு அறியப்பட்ட உத்தி. ஆகவே இது செய்யுள் வரி, பிரிந்து நிற்கும் இரண்டும் அடையும் பெயருமாகவே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இரண்டாவது, ஒலி. *அலதி அவியெந்த* என்று அடுத்தடுத்த சொற்கள் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. நம் யாப்பில் மோனை என்போமே, அதுபோல. *அலதி, விலுசதி* என்று இரு சொற்களும் ஒரே ஒலியில் முடிகின்றன, இது இயைபு. நான்கு சொல்லுக்குள் இவ்வளவு ஒலி ஒழுங்கு தற்செயலாக அமைவது அரிது. இது ஒரு பாடகரின் காதில் உருவான வரி என்பதை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தாலே உணரலாம்.

மூன்றாவதுதான் மிகப் பெரியது: ஹோமர். ட்ராய் போரைப் பாடும் அவருடைய இலியட் காவியத்தில் ட்ராய் நகருக்கு இலியோஸ் என்றொரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு முன்னும் பின்னும் ஹோமர் சில அடைமொழிகளைத் திரும்பத் திரும்ப வைக்கிறார்: புனிதமான இலியோஸ், காற்று வீசும் இலியோஸ், செங்குத்தான இலியோஸ். கடைசி அடைமொழியின் கிரேக்க வடிவம் 'ஐபெய்னே'. வாய்மொழிக் காவியத்தில் இப்படிப்பட்ட சொற்சேர்க்கைகள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் அச்சுகள். 'இலியோஸ்' என்ற பெயர் முற்காலத்தில் 'விலியோஸ்' என்று ஒலித்தது என்பதை ஹோமரின் சீரமைப்பே காட்டிக்கொடுக்கிறது. வரியின் அசை எண்ணிக்கை சரியாக வர, மறைந்துபோன அந்த 'வ' தேவைப்படும் இடங்கள் பல. விலியோஸ், விலுசா. ஒரு பக்கம் செங்குத்தான விலியோஸ், மறுபக்கம் *அலதி... விலுசதி*. ஆகவே 'அல-' என்றால் 'செங்குத்தான'.

இந்தக் கடைசி 'ஆகவே'யில்தான் நாம் நிற்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன், சொல்லின் பிறப்பு இந்தப் பொருளுக்குத் தனியாகச் சான்று தருகிறதா என்று பார்த்துவிடலாம்.

பிறப்பு: வேர் தேடும் முயற்சி

லூவியத்தில் பெயரடை பிறக்கும் வழிகள் பல. மிகப் பழக்கமானது '-அஸ்ஸி' என்ற விகுதி. 'இதற்குரிய' என்ற பொருளைத் தரும். 'மஸ்ஸனி' என்றால் தெய்வம். 'மஸ்ஸனஸ்ஸி' என்றால் தெய்வத்துக்குரிய. 'பிஹஸ்' என்றால் மின்னொளி. 'பிஹஸ்ஸஸ்ஸி' என்றால் மின்னலுக்குரிய. இரண்டாம் முவத்தல்லி என்ற ஹிட்டைட் அரசர் தம் காவல் தெய்வமாகக் கொண்ட இடித்தெய்வத்தின் அடைமொழி இதுதான். இத்தகைய சொற்களில் விகுதியைக் கழற்றினால் உள்ளே பெயர் தெரியும். பொருள் பாதி கைக்கு வந்துவிடும்.

'அல-'வில் கழற்ற விகுதி எதுவும் இல்லை. வெறும் அடிச்சொல். ஆகவே உறவு மொழிகளில் அதன் இனச்சொல்லைத் தேட வேண்டும். கையில் கிடைக்கும் வழிகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம்.

1. லத்தீன் 'அல்டுஸ்'. இதன் பொருள் 'உயரமான'. 'ஊட்டி வளர்' என்ற பொருளுள்ள 'அலெரே' என்ற வினையோடு தொடர்புடையது. வளர்ந்தது எதுவோ அது உயர்ந்தது. ஒலியும் பொருளும் 'அல-'வோடு கச்சிதமாகப் பொருந்துவதுபோலத் தோன்றுகிறது. சிக்கல், அது அளவுக்கு மேல் கச்சிதமாக இருப்பதுதான்.

இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் தொண்டையில் பிறக்கும் சில ஒலிகள் இருந்தன என்பதை, எந்த மொழியிலும் நேரில் காணாமலே, வெறும் கணக்குப் போல 1870களின் இறுதியில் ஊகித்தவர் ஃபெர்டினான்ட் தெ சொசூர். ஹிட்டைட் வாசிக்கப்பட்ட பிறகு, 1927இல் யேர்ஷி குரிலோவிச், சொசூர் சொன்ன இடங்களில் ஹிட்டைட்டில் உண்மையிலேயே 'ஹ' நிற்பதைச் சுட்டிக்காட்டினார். மொழியியல் வரலாற்றில் இதைவிட அழகான நிரூபணம் எனக்குத் தெரிந்து இல்லை. லத்தீன், கிரேக்கம், வடமொழி ஆகியவற்றில் கரைந்துபோன அந்த ஒலி அனத்தோலிய மொழிகளில் உயிரோடு இருக்கிறது. லத்தீனில் 'முன்' என்பதற்கு 'அன்டே'. லூவியத்தில் 'முதலாவது' என்பதற்கு 'ஹந்திலி'. லத்தீனில் ஆடு 'ஓவிஸ்', லூவியத்தில் 'ஹாவி'.

'அல்டுஸ்' சொல்லின் வேரிலும் அதே தொண்டை ஒலி இருந்ததாகவே பொதுவாகக் கொள்கிறார்கள். அப்படியானால் அதன் லூவிய இனச்சொல் 'ஹல-' என்று வர வேண்டும். பலகையில் இருப்பதோ 'அல-'. சில உயிரொலிகளுக்கு முன் அனத்தோலியத்தில் இந்த 'ஹ' விழுந்துவிடும் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த விதி எல்லோராலும் ஏற்கப்பட்டதல்ல. ஆகவே லத்தீன் வழி மூடவில்லை, ஆனால் நேராகவும் இல்லை.

2. கிரேக்க 'ஹல்ஸ்'. 'உப்பு' என்றும், செய்யுளில் 'கடல்' என்றும் பொருள். 'கடலிலிருந்து' என்று படிக்க விரும்புபவருக்கு இது கண்ணில் படும். இங்கும் முதல் ஒலிதான் தடை. கிரேக்க 'ஹ' இங்கே பழைய 'ச'விலிருந்து வந்தது. லத்தீனில் அது 'சால்' என்றே இருக்கிறது. லூவியம் 'ச'வை விடாத மொழி. அதன் நெருங்கிய உறவான லிசிய மொழி, உயிர்களுக்கு இடையே 'ச'வை 'ஹ' ஆக்கும்: லூவிய 'மஸ்ஸனி', லிசியத்தில் 'மஹன'. லூவியத்தில் அந்த மாற்றம் இல்லை. எனவே 'சல-' என்று ஏதாவது இருந்தால் தொடர்பு பேசலாம். 'அல-' என்பது கிரேக்கத்திலிருந்து கடன் வாங்கப்பட்டது என்று கொண்டால்தான் பொருந்தும். அண்டை மொழியான ஹிட்டைட்டில் கடலுக்கு 'அருன' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.

3. கடன் சொல். அனத்தோலியாவில் இந்தோ-ஐரோப்பியம் அல்லாத ஹத்திக், ஹுரிய மொழிகளும் பேசப்பட்டன. தெய்வப் பெயர்களும் சடங்குச் சொற்களும் அவற்றிலிருந்து ஏராளமாக வந்தன. பாட்டு மொழியில் மட்டும் வாழ்ந்த ஓர் அரிய அடைமொழி அப்படி வந்திருப்பதில் வியப்பில்லை.

4. லூவியத்துக்குள்ளேயே. 'உயரமான' என்பதற்கு லூவியத்தில் 'பர்ரய-' என்ற சொல் இருக்கிறது. ஹிட்டைட்டின் 'பர்கு-' இதன் உறவு. அன்றாடச் சொல் ஒன்று இருக்க, பாடகர் ஏன் 'அல-'வைத் தேர்ந்தார்? வெறும் உயரத்தைச் சொல்லாமல், நிமிர்ந்து நிற்கும் சரிவைச் சொன்னதால் இருக்கலாம். செய்யுளுக்கே உரிய பழஞ்சொல்லாகவும் இருக்கலாம். அல்லது 'உயரம்' என்ற பொருளே தவறாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் இந்த ஒரு செய்தி சமமாகவே இடம் தருகிறது.

சோதனைகளின் முடிவு இதுதான்: 'அல-'வின் பொருளை அதன் பிறப்பு தீர்மானிக்கவில்லை. பொருளை முன்பே முடிவு செய்துகொண்டு போனால் அதற்கேற்ற இனச்சொல் ஒன்று எப்படியும் அகப்படும். இரண்டே எழுத்துள்ள அடிச்சொல்லுக்கு ஒலியொத்த சொல் எந்த மொழியிலும் கிடைக்கும். வேர்ச்சொல் ஆராய்ச்சியில் நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை இந்த வாசல் வழியாக வந்தவையே.

வட்டமாகச் சுழலும் வாதம்

பிறப்பு உதவாத நிலையில், 'செங்குத்தான' என்ற பொருளின் பெரும் பாரத்தைத் தாங்குவது ஹோமர்தான். செய்திகளில் வரும் வாதத்தைப் படிப்படியாக எழுதிப் பார்த்தால்:

1. ஹோமர் ட்ராயைச் 'செங்குத்தான இலியோஸ்' என்கிறார்.
2. லூவிய வரியில் விலுசாவுக்கு ஓர் அடைமொழி இருக்கிறது. அது 'செங்குத்தான' என்பதாக இருக்க வேண்டும்.
3. லூவியர்களும் கிரேக்கர்களும் ஒரே அடைமொழியைப் பயன்படுத்துகிறார்கள்.
4. எனவே ஹோமரின் அடைமொழி வெண்கலக் காலத்தது. இரு மொழிக்கும் பொதுவான ட்ராய்ப் பாட்டு மரபு இருந்தது.

முதல் படியில் ஹோமரிடம் கடன் வாங்கிய பொருளை, நான்காம் படியில் ஹோமருக்கே சாட்சியாக நிறுத்துகிறோம். சாட்சியும் வழக்காடியும் ஒருவரே. வாட்கின்ஸ் தம் வாதத்தில் செய்யுள் அமைப்பையும் ஒலி ஒழுங்கையும் சேர்த்தே முன்வைத்தார். அவை ஹோமரைச் சாராதவை. ஆனால் அவை நிறுவுவது இவ்வளவுதான்: இது செய்யுள், 'அலதி' பெரும்பாலும் அடைமொழி. *எந்த* அடைமொழி என்பதை அவை சொல்வதில்லை. 'புனிதமான', 'பெரிய', 'தொலைவிலுள்ள', 'காற்று வீசும்' என்று எதை வைத்தாலும் மோனையும் இயைபும் அப்படியே இருக்கும்.

ஹோமரின் பக்கத்திலும் ஒரு செய்தியை மறைக்கக் கூடாது. செங்குத்தான என்ற அடைமொழி ட்ராய்க்கு மட்டும் உரியதல்ல. கலிதோன் செங்குத்தானது, பெதாசோஸ் செங்குத்தானது, பைலோஸ் நகரும் செங்குத்தான கோட்டைதான். மேட்டில் கோட்டை கட்டிய காலத்தில் எந்த ஊருக்கும் பொருந்தும் சொல் இது. இரு மொழிப் பாடகர்கள் தனித்தனியாகவே இந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்திருக்க முடியும். ஆகவே 'அல-'வின் பொருள் 'செங்குத்தான' என்றே நாளை உறுதியானாலும், நான்காம் படி தானாக நிறுவப்பட்டுவிடாது.

விலுசா ட்ராய்தானா?

இது தனிக் கேள்வி. 'அலதி'யின் பொருளைச் சார்ந்ததல்ல. பலர் இரண்டையும் ஒன்றாக்கிக் குழம்புகிறார்கள். கி.மு. 1280 வாக்கில் இரண்டாம் முவத்தல்லி, விலுசாவின் அரசர் அலக்சந்துவோடு உடன்படிக்கை செய்துகொண்டார். அதன் பலகைகள் கிடைத்திருக்கின்றன. ட்ராய் இளவரசன் பாரிசுக்கு ஹோமர் தரும் இன்னொரு பெயர் அலெக்சாந்த்ரோஸ். இந்த ஒற்றுமையை 1924இல் பால் கிரெட்ச்மர் சுட்டினார். பிறகு 1998இல் டேவிட் ஹாக்கின்ஸ், கரபேல் கணவாயின் பாறைக் கல்வெட்டில், மேற்கு அனத்தோலியாவிலிருந்த மிரா நாட்டு அரசர் தர்கஸ்னவாவின் பெயரை வாசித்தார். மிரா எங்கே இருந்தது என்பது உறுதியானதும், விலுசாவுக்கு வடமேற்கு மூலை தவிர வேறு இடம் அதிகம் மிஞ்சவில்லை. இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் விலுசாவை ட்ராய் என்றே ஏற்கிறார்கள்.

ஆனால் நம் வரியில் ஒரு குறை இருக்கிறது. ஹிட்டைட் எழுத்தர்கள் ஊர்ப் பெயருக்கு முன் 'ஊர்' அல்லது 'நாடு' என்று காட்டும் அடையாளக் குறி ஒன்றை இடுவது வழக்கம். இந்த லூவிய வரியில் 'விலுசதி'க்கு முன் அது இல்லை. ஹிட்டைட்டில் 'வெல்லு' என்றால் புல்வெளி. விலுசா என்ற பெயரையே அதோடு இணைத்துப் பார்க்கும் கருத்து உண்டு. அதைப் பின்தொடர்ந்தால் வரி ஏதோ ஒரு மேய்ச்சல் நிலத்திலிருந்து வந்தவர்களைப் பற்றியதாகவும் ஆகலாம். பாட்டு வரியில் குறியை விட்டிருப்பது இயல்பே என்பதால் நான் இதற்கு அதிக எடை தரமாட்டேன். ஆனால் இந்த ஐயத்தை வாசகரிடமிருந்து ஒளிப்பது நேர்மையல்ல.

ட்ராய் மக்கள் பேசியது லூவியமா என்பதும் முடிவாகவில்லை. 1995இல் ட்ராய் அகழாய்வில் ஒரு சிறிய வெண்கல முத்திரை கிடைத்தது. இருபுறமும் புடைத்தது, லூவியப் பட எழுத்து பொறித்தது, ஒருபுறம் ஓர் எழுத்தருடையது, மறுபுறம் ஒரு பெண்ணுடையது. எளிதில் சட்டைப்பையில் எடுத்துப் போகக்கூடிய பொருள் அது. ஊரின் மொழியை அது சொல்லாது. பாட்டின் சொந்த ஊரான இஸ்தனுவாவும் ட்ராயில் இல்லை. அந்த ஊர்ச் சடங்குகளில் பேசப்படும் சாகிரியா ஆறு இன்றைய சகார்யா என்று கருதப்படுகிறது. அது ட்ராயிலிருந்து வெகுதூரம் கிழக்கே ஓடுகிறது. எனவே இது ட்ராய் மக்களின் பாட்டு என்பதைவிட, தொலைவிலுள்ள ஓர் ஊரின் சடங்கில் விலுசாவை நினைத்துப் பாடிய பாட்டு என்பதே சான்றுக்கு அருகில் இருக்கிறது.

'வந்தார்கள்' என்ற வினைக்கு எழுவாய் யார் என்பதும் வரியில் இல்லை. வீரர்களா, தெய்வங்களா, வணிகர்களா? போர் என்ற சொல்லோ, முற்றுகை என்ற சொல்லோ எதுவும் இல்லை. 'ட்ராய் போரின் பாட்டு' என்ற தலைப்பில் 'போர்' எங்கிருந்து வந்ததென்றால், படிப்பவரின் நினைவிலிருந்துதான்.

இன்னொரு வரி, உடைந்த ஓரம்

'அல-' இன்னொரு பலகைத் துண்டிலும் வருகிறது. அதுவும் லூவியம், அதுவும் பாட்டு:

*அலதித்த அஹ்ஹ லூ-இஸ் அவித...*

'லூ' என்பது ஆண் என்பதற்கான சுமேரியக் குறி. எழுத்தர் அதைச் சுருக்கெழுத்தாகப் பயன்படுத்தி, '-இஸ்' என்ற லூவிய விகுதியை மட்டும் பின்னால் சேர்த்திருக்கிறார். பாடியவர் 'சிதிஸ்' என்று சொல்லியிருப்பார். 'அவித' என்றால் 'வந்தான்'. ஆக, 'அல-...லிருந்து அந்த ஆண் வந்தபோது'. அதற்குப் பின் பலகை உடைந்திருக்கிறது.

இது விலைமதிப்பற்ற துண்டு. முதல் வரியின் அதே கட்டமைப்பு: 'அலதி', 'அஹ்ஹ', வருதலைக் குறிக்கும் வினை. இந்த ஊர்ப் பாடகர்களிடம் 'அலதி ... வந்தபோது' என்று தொடங்கும் ஓர் அச்சு வழக்கில் இருந்தது என்று இதைக் கொண்டு துணிந்து சொல்லலாம். அச்சு என்றால் மரபு. மரபு என்றால் இது ஒருவர் ஒருநாள் புனைந்த வரியல்ல. எனக்கு, காவியச் செய்திகள் அனைத்தையும்விட இந்தச் சிறு உண்மை பெரியது.

உடைந்த இடத்தில் 'விலுசதி' என்று நிரப்பிப் படிக்கலாம் என்பது வாட்கின்ஸின் யோசனை. நிரப்பியதைச் சான்றாக எண்ணிவிடக் கூடாது என்பது மட்டும் நினைவில் இருக்க வேண்டும். ஏனெனில் அந்த ஓரத்தில் எந்தச் சொல் இருந்தது என்பதைப் பொறுத்துத்தான் 'அல-'வின் கதி மாறும். அங்கே ஒரு மலையின் பெயர் இருந்திருந்தால், 'செங்குத்தான' என்ற பொருளுக்கு முதல் முறையாக ஹோமரைச் சாராத ஆதாரம் கிடைக்கும். சமவெளி ஊர் ஒன்றின் பெயர் இருந்திருந்தால் அந்தப் பொருள் ஆட்டம் காணும். பெயரே இல்லாமல் வாக்கியம் முடிந்திருந்தால், 'அல-' அடைமொழி அல்ல, தானே ஓர் இடத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல். 'கடல்' போன்ற வாசிப்புகளுக்கு அப்போது கதவு திறக்கும்.

ஹத்துசாவில் கிடைத்தவை ஏறத்தாழ 30,000 பலகைகளும் துண்டுகளும். ஒரு துண்டின் உடைந்த ஓரம் இன்னொரு துண்டின் ஓரத்தோடு பொருந்துவதை ஆய்வாளர்கள் இன்றும் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 'அவித' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய துண்டு நான்கைந்து ஆப்புக் குறிகள் அளவே இருக்கும்; ஒரு விரல் நுனியில் அடங்கும்.